அம்மன் தோளில் கட்டிய கண்ணாடிக்கல்

பக்கத்து வீட்டுப் பெண் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். நேற்று அவள் சட்டையில் கல் பதித்த மயில் ஒன்று குத்தியிருந்தது. "பழைய மாடல்ம்மா, இப்ப எல்லாரும் இததான் தேடறாங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கனமே இல்லை.

நான் சேர்த்தவை கனக்கும். ஆமாம், நானும் சேர்த்தேன். கல்யாணமாகிக் கெலமங்கலம் வந்த புதிது. வெள்ளைக்காரர்கள் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். அவர்கள் பெங்களூர்த் தண்டில், பட்டாளக் குடியிருப்பில், விட்டுப்போனதைப் பாய் ஒருவர் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவார். தொப்பியில் குத்தும் முத்துத்தலை ஊசி, பாசிமணிச் சுருக்குப்பை, எலும்பு விசிறி. கொள்ளு கொடுத்து வாங்குவேன். போட்டுக்கொண்டதில்லை. எங்கே போட, களையெடுக்கவா? தகரப்பெட்டியைத் திறந்தால் பவுடரும் துருவும் கலந்த வாடை வரும். இதை மாட்டிக்கொண்டு அந்த வெள்ளைக்காரி எங்கே போயிருப்பாள் என்று பிரமை பிடித்து உட்கார்ந்துவிடுவேன். களி அடிப்பிடித்துப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் ஒரு ஜோடி கிடைத்தது. சதுரம். சுற்றிலும் வெள்ளைக்கல். வெயிலில் காட்டினால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாய் வெளிச்சம்.

"இன்னா பாய் இது?"

"தொரசானி நகைம்மா. எங்க போடுவாளுங்களோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். பத்து நாள் கண் திறக்கவில்லை. அவரை எழுப்பிவிட்டால் அந்த ஜோடி உனக்கு என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்துவிட்டார். என் கொழுந்தன்தான் பூசாரி. மஞ்சள் கயிற்றில் கோத்து, தோள்வங்கி மாதிரி அம்மனின் இரண்டு தோளிலும் கட்டினான். கற்பூர வெளிச்சத்தில் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

திருவிழாவுக்கு வந்த என் அக்கா மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. தண்டில் துரை வீட்டு ஆயாவாக இருந்தவள். என்னை ஓரமாக இழுத்தாள்.

"அடிப்பாவி! அது தொரசானி செருப்புல வெக்கற பக்கிள்டி. நானே எத்தினி தொடச்சிருக்கேன்!"

செருப்புச் சாமான், அம்மன் மேல். காய்ச்சல் திரும்பி வந்தால்? கொழுந்தனிடம் சொன்னேன்.

"அண்ணி, ஊருக்குத் தெரிஞ்சா ஒன்னியும் என்னியும் ஒரே மரத்துல கட்டுவாங்க" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியது. "அவளையே கேட்டுடலாம்."

காலையில் கோயில் கதவைச் சாத்திக்கொண்டு பூக் கேட்டோம். நனைத்த அரளி, தோளுக்கு ஒன்று. வலது விழுந்தால் இருக்கட்டும், இடது விழுந்தால் கழற்றிவிட வேண்டும். இரண்டும் சிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. கோயிலுக்குப் பின்னால் எங்கள் நிலம். என் வீட்டுக்காரர் மாட்டை அதட்டும் சத்தம் கேட்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

வலது பூ அசைந்தது. உள்ளே காற்றே இல்லை. பக்கிள் மேல் பட்டுக் கீழே விழுந்தது.

"அவளுக்குப் புடிச்சிருக்குது அண்ணி. நமக்கு இன்னா?" என்றான்.

அதற்கப்புறம் அவர் நாற்பது வருஷம் இருந்தார். கும்பாபிஷேகத்தின்போது அம்மன் மேல் இருந்த பழையதையெல்லாம் கழற்றினார்கள். அந்த ஜோடி எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது வெள்ளிக் கவசம் போட்டிருக்கிறார்கள். யாரும் பூக் கேட்பதில்லை. வைத்தாலும் நிற்பதில்லை. இரண்டு பக்கமும் வழுக்கி விழுந்துவிடுகிறது.