சந்தனம் மணத்த பிளாப்பி

சந்தன வாசம்... அதுவும் கம்ப்யூட்டருக்குள் இருந்து.

இன்றைக்கு நினைத்தாலும் மூக்கில் வந்து நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விஜயதசமி. உக்கடத்தில், கம்ப்யூட்டரில் டைப் அடித்து அச்செடுத்துக் கொடுக்கும் எங்கள் டி.டி.பி. கடை. எங்கள் கடை என்ன, மகள் பூங்கொடியின் கடை. மில் வேலையை விட்டுவிட்டு வந்த நான் ஷட்டரைத் தூக்குவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன், பேப்பர் கட்டு வாங்கி வருவேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவன் நான். அவளுக்கோ நாள் முழுக்க எழுத்தோடு பிழைப்பு.

முந்தின நாள் ஆயுத பூஜை. என் வீட்டம்மா கடைக்கு வந்து கத்தரி, ஸ்டேப்லர், மானிட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அடித்ததையெல்லாம் பதிந்து வைக்கிற பிளாப்பி டப்பாவும் சாமி படத்துக்கு முன்னால்தான் இருந்தது. பிளாப்பியில் தகர மூடி ஒன்று இருக்கும். தள்ளினால் உள்ளே பழுப்பாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் அதன் முகம் என்று அவளாகவே முடிவு கட்டி, மூடியைத் தள்ளித் தள்ளி, ஒன்று விடாமல் பொட்டு வைத்திருக்கிறாள். எங்களுக்குப் பொரி கடலையில் கவனம்... யாரும் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, பூங்கொடி கம்ப்யூட்டரில் சி.டி. போட்டு புது சிஸ்டம் ஏற்றத் தொடங்கினாள். பழையதன் மேல் புதியது. இப்போது அப்டேட் என்கிறார்களே, அதுதான். நீலப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துகொண்டே வந்தது.

பாதியில் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி. அவ்வளவுதான்.

எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் ஓடாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மகள் அப்படி நின்றாள்.

"பயப்படாதீங்கப்பா. இப்புடி ஆனா எழுப்பறதுக்குன்னே ஒரு பிளாப்பி எடுத்து வெச்சிருக்கறனுங்க."

உள்ளே விட்டாள். கரகரவென்று அரைத்தது. வெளியே இழுத்தாள்... சந்தனம் மணத்தது.

"அம்மா... இதுக்குள்ள பொட்டு வெச்சீங்களா?"

"வெக்காம? எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு அத மட்டும் உட்டுட்டா நல்லாவா இருக்கும் கண்ணு?"

பூங்கொடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து செல்வி வந்து நின்றாள். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் பிள்ளை. அவளுடைய பிராஜக்ட் முழுக்க எங்கள் மிஷினுக்குள் இருந்தது. நகல் எடுத்து வைத்த பிளாப்பிக்கும் சந்தனப் பொட்டு. மறுநாள் காலையில் காலேஜில் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். திரும்ப அடிப்பதென்றால் வாரக்கணக்காகும்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை. "அப்பாகிட்ட என்னன்னுங்க சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

எதிர்ச்சாரியில் யூசுப் பாய் கடை. அதுவும் டி.டி.பி.தான். அவருக்கு எதிரிலேயே நாங்கள் கடை போட்டதில் இருந்து எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். மகளுக்கு அங்கே போய்க் கேட்க வாய் வரவில்லை. நான் ரோட்டைத் தாண்டினேன்.

"ஏனுங் பாய்... நம்ம மிஷின் எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

"எதுத்த கடை மிஷின் படுத்துட்டா எனக்கு நல்லதுதானுங்களே அண்ணா?"

சிரிக்காமல் சொன்னார். "ஒரு புள்ளையோட படிப்பு உள்ள மாட்டியிருக்குதுங்க" என்றேன்.

"அத மொதல்ல சொல்ல மாட்டீங்களா!" என்றபடி மேஜை டிராயரை இழுத்து ஒரு பிளாப்பியை எடுத்தார்.

எங்கள் கடைக்குள் வந்தவர் எங்கள் பிளாப்பியை மோந்து பார்த்தார். வீட்டம்மா பக்கம் திரும்பி, "ஏனுங்கக்கா, பொட்டு வெச்சீங்க சரி, காது குத்தலீங்களா?" என்றார்.

"உங்க கடை பிளாப்பியையும் கொண்டாங்க தம்பி, சேத்துக் குத்திப்போடலாம்." அவ்வளவு கலவரத்திலும் அவள் வாய் குறையவில்லை.

பாய் மிஷின் வாயில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்துவிட்டுத் தன் பிளாப்பியைப் போட்டதும் திரையில் எழுத்து ஓடியது. பூங்கொடி உடனே சிஸ்டத்தைச் சரிசெய்யக் கை வைத்தாள். பாய் தடுத்தார்.

"இரு அம்மணி. மொதல்ல அந்தப் புள்ளையோட புக்க வெளிய எடு. மிஷின் எங்க ஓடிப்போகுது? அப்பறமா எழுப்பிக்கலாம்."

பாய் கடையில் இருந்து வந்த புது பிளாப்பியில் பிராஜக்ட் ஏறியது. ஏறி முடிந்ததும் செல்வி மூச்சு விட்டது எனக்கே கேட்டது. அதை எடுத்துக்கொண்டு பாய், செல்வியோடு தன் கடைக்கு அச்சடிக்கப் போனார். பூங்கொடி இங்கே மறுபடி முதலில் இருந்து சிஸ்டம் ஏற்றினாள்.

சாயங்காலம் எங்கள் திரையில் கலர் வந்தது. வீட்டம்மா சந்தோஷத்தில் சந்தனக் கிண்ணத்தைத் தேடினாள்... "அம்மா!" என்று பூங்கொடி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

செல்வி புத்தகத்தோடு வந்தாள். அந்தக் காலத்தில் யார் அச்சடித்துக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் தங்கள் கடைப் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். விளம்பரமே அதுதான். பூங்கொடி கடைசிப் பக்கத்தைத் திருப்பியவள், அப்படியே நின்றாள்.

"அப்பா... பாய் நம்ம கடைப் பேரப் போட்டிருக்காருங்க."

எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். செல்வி அந்த வருஷம் தேறினாள். அடுத்த ஆயுத பூஜையில் இருந்து எங்கள் பொரித் தட்டு முதலில் எதிர்ச்சாரிக்குத்தான் போனது.

இப்போது இரண்டு கடையும் இல்லை. இதைக்கூட நான் போனில் பேசப் பேச, அதுவே எழுத்தாக்கிக்கொள்கிறது. அப்டேட்டும் அதுவாகவே போட்டுக்கொள்கிறது, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நல்லதுதான்... என் மாதிரி ஆளுக்கு எவ்வளவு சௌகரியம்.

ஆனாலும் அப்டேட் ஏறும்போது போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், என் கண் தன்னால் வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறது.

பாய் கடை திறந்திருக்கிறதா என்று.