ஒடியல் மாவும் ஒரு காலாவும்

திரேசா அக்கா தூண்டிலில் ஒன்றும் பிடித்ததில்லை என்கிறார்கள். இல்லை, ஒன்று பிடித்தார். ஒரேயொரு காலா மீன். அதைக் கண்டவர்கள் ஊர்காவற்றுறையில் இன்னும் இருக்கிறார்கள்.

திரேசா அக்கா மறைந்த செய்தி போன மாதம் மத்தியான லோஞ்சுப் படகில் வந்தது. யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில், காய்ச்சலோடு. கொண்டுவந்தவர் சந்தியா அண்ணை. ஜெற்றிப் படகுத்துறையில் எங்களை அதிகம் கேலி செய்த மீன்காரர். "ரீச்சர் போட்டா, பிள்ளை," என்றார். பிறகு என் குடையை வாங்கி எனக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்காவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். அவர் வேதம், அதாவது கிறிஸ்தவர்; நான் சைவம், வெள்ளிக்கிழமை மட்டும் மீன், மச்சம் தொடாத வீடு. வேலணையிலிருந்து என் ஐயா ஒரு நிபந்தனையோடு அனுப்பியிருந்தார்: வெள்ளிக்கிழமை அந்த வீட்டுச் சமையல் குசினிக்குள் மீன் வந்தால் நான் வேலையை விட்டு வீடு திரும்பவேண்டும். அக்காவுக்கோ காலா பிடிக்க ஆசை; தூண்டில் போட வாய்த்தது வெள்ளி பின்னேரம் மட்டும். சனியும் ஞாயிறும் கோயிலுக்குப் போய்விடும். காலாவுக்கு இரை இறால். அதைக் குசினியில் உரித்து இடிக்கவேண்டும்; இறாலும் மச்சம்தானே.

"முற்றத்திலை வைச்சு இடியுங்கோவன், அக்கா."

"காகத்துக்குப் பந்தி வைக்கவோ? விடும். மீனும் ஒருக்கா விரதம் இருக்கட்டும்."

அப்படித்தான் மச்சமில்லாத இரை தொடங்கியது. கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மா எங்களுக்கே போதாது. ஆகவே ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்தது. எள்ளுப் பிண்ணாக்கு. சுடுநீர். முதலில் பிசைந்தது கடலில் கரைந்தது. அடுத்தது கல்லானது. பிறகு பஞ்சை இழையிழையாகப் பிய்த்து மாவில் சேர்த்தார். தூண்டிலில் நின்றது.

"என்ன ரீச்சர், காலாவுக்குக் கூழ் காய்ச்சினீங்களோ? உப்புப் புளி பாத்தாச்சோ?"

"ஓம், அண்ணை. உங்களுக்கும் ஒரு சிரட்டை இருக்கு."

காலா வரவில்லை. வாரக்கணக்காகச் சின்னத் திரளி மீன் மட்டும் அந்த மாவைக் கொத்தியது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"இறால் இல்லாமல் ஏலாது, அக்கா. நான் வீட்டை போறன். நீங்கள் ஆசைப்பட்டபடி பிடியுங்கோ."

அக்கா உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்த திரளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை உயிரோடு பெரிய தூண்டிலில் கொளுவி எறிந்தார்.

"குசினியிலை சைவம். இஞ்சை வேதம். உம்மடை ஐயா ஜெற்றியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

பொழுதுபடுவதற்குள் காலா இழுத்தது. நூல் அவர் உள்ளங்கையைக் கிழித்தது. சந்தியா அண்ணை பிடிக்க ஓடிவந்தார்.

"தொடாதையுங்கோ!" என்று கத்தினார் அக்கா. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மீன் அண்ணை வீட்டு அடுப்பில் கொதித்தது. என் பங்கு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. ஐயாவுக்கு மறைக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. நான் வேலையில் நிலைத்தேன்.

அக்காவோடு பழகியவர்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும், பாட்டு நினைவிருக்கும். என்னிடம் மிஞ்சியது ஒரு பழக்கம். ஏலாது என்று வாய் சொல்லும்போது, கையில் என்ன கிடைத்திருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது.

போன வெள்ளிக்கிழமை அதே குசினியில் மாவைப் பிசைந்தேன். பஞ்சு சேர்த்தேன். ஜெற்றியில் சந்தியா அண்ணை ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். முதலில் சின்னத் தூண்டிலைப் போட்டேன், திரளிக்கு.