மீனெண்ணெய்க்கு நான் தேடிய அனுபானம்

பாகூர்ப் பக்கம் கரும்பு பயிரிடும் குடும்பத்து மருமகள் நான். இந்தக் கர்ப்பத்தில் நாலாம் மாதத்திலிருந்தே பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாமல் போயிற்று. கொம்யூன் பஞ்சாயத்து ஆஸ்பத்திரி டாக்டர் மீனெண்ணெய் கொடுத்தார். எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அந்த நாற்றமே குமட்டியது. நாட்டு மருந்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடுவதுபோல இதற்கும் ஓர் அனுபானம் தேடினேன். மலச்சிக்கலுக்காக என் வீட்டுக்காரர் குடிக்கும் பாரபின் எண்ணெய்க்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அதில் கலந்து தினமும் விழுங்கினேன்.

மாதம் கடந்தும் கண் தெளியவில்லை. ஓர் அந்தியில் வாளியோடு நடந்த என்னை, "நில்லு, எதுர கெணறு" என்று வீட்டுக்காரர் பிடித்து இழுத்தார். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு அது.

மறுநாள் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாரபின் ஒடம்புல சேராதும்மா. வெளிய போறப்ப மீனெண்ணெயில இருக்கற வைட்டமினையும் இட்டுக்கினு பூடும்."

இப்போது மீனெண்ணெயைத் தனியாகத்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். புது மருந்து வாங்கப் போனால் வீட்டிலுள்ள சீசாக்களையும் டாக்டரிடம் காட்டுகிறேன்.

நேற்று விளக்கேற்றுமுன் வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னமும் நாத்தம் அடிக்குதா?"

"அடிக்கட்டும். உங்க மொகம் தெரியுதில்ல."