உப்பளத்துக்குக் கொண்டுபோன தண்ணீர்

சென்ற ஏப்ரலில், மூன்றாம் செவ்வாய்க்கிழமை, தண்ணீர் வண்டி எங்கள் கொட்டகை முன் நிற்காமல் போனது.

ஓய்வுபெற்ற ஆசிரியையான என் மனைவி, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்து ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் ஆறு சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். முன்பணம் வாங்கிக்கொண்டு வெளி மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். அது கழியும்வரை அளத்தை விட்டுப் போக முடியாது. பிள்ளைகளும் விடியுமுன் உப்பு வார இறங்கினால் மதியம்தான் கரையேறுவார்கள். ஜூனில் அவர்களை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். சேர்ந்துவிட்டால் அளத்துக்குக் கைகள் குறையும். வேலை வாங்கும் கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் அவருடைய வண்டியில்தான் வரும்.

வண்டி நிற்காமல் போனதும் நான் பயந்ததற்குக் காரணம் நான் படித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்களைப் பற்றித்தான் அந்த மாதம் முழுக்க வாசிப்பு. 1833-இல், அடிமைகள் நிறைந்த தெற்கில் அல்ல, வடக்கே ஒரு சிற்றூரில், வெள்ளைக்கார ஆசிரியை ஒருத்தி கறுப்பினப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினாள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். கிணற்றில் சாணத்தைப் போட்டார்கள். மறு ஆண்டு கும்பலாக வந்து ஜன்னல்களை நொறுக்கினார்கள். அதோடு பள்ளியை மூடிவிட்டாள்.

எங்கள் டீக்கடைக்காரரும் முந்தின வாரமே பிள்ளைகளுக்கு வடை இல்லை என்று சொல்லியிருந்தார். இப்போது தண்ணீர். வகுப்பை ஒரு மாதம் நிறுத்திவைக்கலாமே என்று அந்தக் கதையைச் சொல்லி மனைவியிடம் கெஞ்சினேன்.

“நம்ம கொட்டகைக்கு ஜன்னலே கெடையாது,” என்றாள். “எதைப் போய் ஒடைக்கான்?”

வெள்ளிக்கிழமை நானே ஸ்கூட்டரில் ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோனேன். டீக்கடை அருகே கங்காணி கைகாட்டி நிறுத்தி, பேச வேண்டும் என்று நிழலுக்குக் கூட்டிப்போனார். ஸ்கூட்டர் எனக்குப் பின்னால் நின்றது. அதன் பக்கத்தில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர்.

“அண்ணாச்சி, அக்காவ வீட்டோட இருக்கச் சொல்லுங்க. அளத்து வெயிலு வயசான ஒடம்புக்கு ஆகாது.”

குரலில் அவ்வளவு மரியாதை. சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

கொட்டகைக்கு வந்து பார்த்தால் கேன் மூடி தளர்ந்திருந்தது. வீட்டில் இறுக்கி மூடினேனா? எது எந்தத் தேதியில் நடந்தது என்று கேட்டால் சொல்லிவிடுகிற எனக்கு இது மட்டும் நினைவில்லை. முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அரைமணி நேரம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, கேனுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். யாராவது எதையாவது கலந்திருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. மனைவி பலகையில் வகுத்தல் கணக்கு எழுதினாள்.

வெயில் தகரத்தைக் காய்ச்சியது. சின்னவள் ஒருத்தி வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாள். கேனைக் கவிழ்த்துக் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கொட்டினால் வேறு தண்ணீர் இல்லை.

எல்லாருக்கும் மூத்தவள் எழுந்து வந்தாள். பதின்மூன்று வயது.

“நீங்க குடிச்சு எம்புட்டு நேரமாச்சு சார்?”

பத்து நிமிடம் இருக்கும் என்றேன்.

“இன்னும் உக்காந்துதான இருக்கீக,” என்றபடி என் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள்.

தடுக்க நான் எழுவதற்குள் குடித்து முடித்து, சின்னவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். ஆறு பேரும் குடித்துவிட்டுக் கணக்குக்குத் திரும்பினார்கள். நான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அவர்கள் அளத்து வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்து மறையும்வரை அங்கேயே நின்றேன்.