கையால் சுற்றிய மெட்ராஸ்

மெட்ராஸ் எனக்கு முதன்முதலில் வலது தோள்மூட்டில்தான் வலித்தது. அதைக் கண்ணால் காண இன்னும் எத்தனையோ வருடங்கள் கிடந்தன. ஆனால் அதன் ரயில்களையும் தண்ணீர் லொறிகளையும் கடற்கரைச் சனத்தையும் பத்து வயதில் என் ஒற்றைக் கையால் சுற்றிச் சுற்றி எங்கள் அச்சுவேலி முற்றத்துக்கு நான் வரவழைத்திருக்கிறேன்.

போரால் மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. பற்றரியும் இல்லை. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கிற மின்சாரத்தை வயர் வழியாக ரேப் றெக்கோடருக்குக் கொடுப்பார்கள். கை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். தளர்ந்தால் பாடகியின் குரல் தடித்து இழுபட்டு ஆண் குரலாகும். வேகம் கூடினால் அவரே கிளியாகிவிடுவார். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. அண்ணை வயர் பிடிப்பான். வயர் பிடிப்பதுதான் படித்தவன் வேலை என்பது அவன் கட்சி.

அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, அந்த வருடம் தனியாக மெட்ராசுக்குப் போனார். பேசி முடித்த மாப்பிள்ளை ஜேர்மனியில். அவரால் இங்கே வர முடியாது, சின்னம்மாவால் அங்கே போக முடியாது, இரண்டு பேரும் போகக்கூடிய இடம் மெட்ராஸ் என்று பெரியவர்கள் கடிதங்களில் முடிவு செய்தார்கள். அவர் வந்து இறங்கியதும் ஒரு கோயிலில் தாலிகட்டு. துணைக்கு ஆளை அனுப்ப வழியில்லை. சின்னம்மா அதுவரை தனியாகப் போன ஆகக்கூடிய தூரம், சைக்கிளில் தொண்டைமானாற்றுச் சந்நிதி. அவர் கடற்படை சுடுகிற கிளாலிக் கடலை இரவோடிரவாக வள்ளத்தில் தாண்டி, கொழும்பு போய், விமானம் ஏறினார் என்பதே எங்களுக்கு ஒரு புராணம்.

ஒரு மாதத்துக்கு மேல் தகவல் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் துணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு கசெற் வந்தது. எழுதிக் கட்டாது, அவ்வளவு கிடக்கு என்று சின்னம்மா பேசியே அனுப்பியிருந்தார்.

அன்று பின்னேரம் சைக்கிள் கவிழ்ந்தது. அயல்வீட்டு மாமி தான் குந்துகிற பலகைக்கட்டையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். இந்தச் சம்பந்தத்தில் தொடக்கம் முதலே நம்பிக்கை இல்லாதவர் அவர். எல்லோரும் மெட்ராசைக் கேட்க வந்திருந்தோம். அம்மா மட்டும் ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருந்தார்: மாப்பிள்ளை வந்துவிட்டாரா.

நான் சுற்றத் தொடங்கினேன். முதலில் இரைச்சல். பிறகு சின்னம்மா.

“அக்கா, அத்தான், பிள்ளையள், எல்லாரும் சுகமா இருக்கிறியளே? நான் நல்ல சுகம். இஞ்சை பட்டப்பகலிலையும் றோட்டு லைற் எரியுது அக்கா. நூக்கிறதுக்கு ஒருதருக்கும் நினைவில்லை.”

முற்றம் வாய் பிளந்தது. ஜாம்போத்தலுக்குள் ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கிள்ளிக் கிள்ளிப் படிக்கிற பிள்ளை நான். வெயிலுக்குள் எரிகிற விளக்கு. அணைக்க மறந்துபோன வெளிச்சம். அப்படியொரு மறதி உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் என் கை தானாகவே சுற்றியது.

“அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ரயில் ஓடுது. வீடுகளிலை கிணறு இல்லை. தண்ணி லொறியிலை வருது. பச்சை, நீலம், சிவப்பு எண்டு குடங்கள்தான் வரிசையிலை நிக்கும். ஆக்கள் நிழலிலை இருந்து கதைச்சுக்கொண்டிருப்பினம். குடம் நிண்டால் ஆள் நிண்ட மாதிரியாம். கடற்கரையிலை, நல்லூர்த் தேருக்கு வாற அவ்வளவு சனம். ஆனால் தேர் இல்லை. சும்மா வந்து நிக்கினம்.”

“தேர் இல்லாமல் என்னத்தைப் பாக்கினம்?” என்றான் அண்ணை.

“கடலைப் பாக்கினமாக்கும்” என்றார் அப்பா.

“கடலைப் பாக்கவோ?” மாமிக்கு அது பிடிபடவேயில்லை. “உயிரோடை போய், பாத்திட்டு, உயிரோடை திரும்பி வருகினமோ?”

அப்போதுதான் அது கேட்டது. அடியில் ஒரு முனகல். முனகல் உறுமலாகி, உறுமல் குண்டு போட வருகிற விமானமாகத் தலைக்கு மேலே வந்தது. “பொம்மர்” என்றார் மாமி, அவ்வளவுதான். பலகைக்கட்டை ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம். எலுமிச்சை மரத்தடிப் பதுங்குகுழிக்குள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். காதைப் பொத்தி, பற்களுக்கிடையில் துணியைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் விழவில்லை. உறுமலும் இல்லை. மேலே ஒரு காகம் கரைந்தது.

அண்ணைக்குத்தான் முதலில் பொறி தட்டியது. “பெட்டை கையை விட்டவுடனை பொம்மர் நிண்டிட்டுது” என்றான்.

குழிக்குள்ளிருந்தே சிரிப்பு வெடித்தது. அப்பா இருமி இருமிச் சிரித்தார். மாமி மட்டும், “உங்கடை கொழுந்தி கசெற்றுக்குள்ளை வைச்சும் குண்டு போடுறாள்” என்று சேலையைத் தட்டிக்கொண்டு ஏறினார். திரும்பவும் சுற்றினேன். விமானம் விட்ட இடத்திலிருந்து பறந்து போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவின் குரல்.

“பயந்திட்டியளே? நானும் முதல்நாள் றோட்டிலை குப்புறப் படுத்திட்டன். ஒரு பூக்காரி கூடையை விட்டிட்டு ஓடிவந்து தூக்கிவிட்டவ. இஞ்சை பிளேன் போனால் ஒருதரும் நிமிந்து பாக்கினமில்லை அக்கா.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்காத ஆகாயம். ரயில்களை நம்பினேன், லொறித் தண்ணீரை நம்பினேன், இதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு பெரியவர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் போகப்போகிற ஊர் அதுதான் என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்.

“ஊர்ப் புதினம் முழுக்கச் சொல்லுறாள்” என்றார் மாமி மெல்ல. “மாப்பிள்ளையின்ரை கதையைத்தான் காணேல்லை.”

அம்மா றெக்கோடருக்குக் கிட்ட நகர்ந்தார்.

“அவர்…” என்றது கசெற். “அவருக்கு லீவு சரிவரேல்லையாம். அடுத்த மாதம் வருவார் போலை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் சந்தோசமா இருக்கிறன்.”

சந்தோசம் என்ற சொல் இழுபட்டது. நடுங்கித் தாழ்ந்து, பாதியில் நின்று, திரும்ப எழும்பியது.

“பிள்ளை, கை ஓயுது. கெதியாச் சுத்து” என்றார் அப்பா.

சுற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். குரல் மெலிந்து கிளியானதே தவிர நிமிரவில்லை. கிளியும் நடுங்கியது. “சொன்னால் கேக்கிறியே? ஒரே சீராச் சுத்தெண்டு எத்தினை தரம் சொல்லுறது” என்று அப்பா எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டார். அவர் என்னை அப்படிப் பேசியதே கிடையாது. மாமி அம்மாவை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தார். “பாவம், பிள்ளைக்குக் கை நோகுது” என்று சொல்லி, பலகைக்கட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

படலை சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மா சொன்னார். “இஞ்சருங்கோ, கடைசித் துண்டை இன்னொருக்காப் போடுங்கோ.”

அண்ணை கசெற்றுக்குள் பென்சிலை விட்டுப் பின்னுக்குச் சுற்றினான். இந்தமுறை அப்பாவே பெடலைப் பிடித்தார். வெங்காயத் தோட்டம் கொத்திய கை, பிசகாது. சின்னம்மா அதே இடத்துக்கு வந்தார். அதே இடத்தில் நடுங்கினார். அவருக்குப் பின்னால் மெட்ராஸ் பஸ் ஒன்றின் ஹோர்ன் மட்டும் துளியும் நடுங்காமல் நேராகப் போனது. அது எனக்கும் கேட்டது.

அப்பா கையை எடுத்தார். சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிவிட்டு நின்றது.

“செயின் காய்ஞ்சுபோச்சு” என்றார். “அதுதான் இழுக்குது.”

“ஓம்” என்றார் அம்மா. “செயின்தான்.”

அந்த மாப்பிள்ளை மெட்ராசுக்கு வரவேயில்லை என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வளர வளர நானாகவே விளங்கிக்கொண்டேன். பக்கத்தில் கதைக்க ஓர் ஆள் இருந்திருந்தால், அவ்வளவு பட்டணத்தையும் சின்னம்மா எங்களுக்காகச் சேர்த்துவைத்திருக்க மாட்டார் என்பதையும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் அப்பா கறிக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துச் சங்கிலிக்கு விட்டார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பெடலைச் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், அடுத்த கசெற்றில் சின்னம்மா வடிவாகக் கதைப்பா என்று.