அப்பாவின் காலில் நான் வைத்த கை

என் அப்பாவின் காலை மூன்று நாள் தடவினேன். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கர்ப்பூரம் பொடித்துப் போட்டு, கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக அழுத்தித் தடவினேன். அதிலேயே அப்பா செத்துப் போயிருக்கலாம். இன்று உயிரோடு இருக்கிறார். இதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லும்படி எங்கள் போதகர் ஐயர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் எழுந்து, ஒரு வரி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் என் சகோதர சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் ஜெபின். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா நெல் மூட்டை சுமந்து என்னை நர்சிங் டிப்ளமோவில் சேர்த்தார். ஆம்பிளப் பிள்ளைக்கு நர்சு வேலையா என்று கேட்டவர்களிடம், "ஒமக்கு நாளைக்கு ஊசி போட ஆளு வேண்டாமாவே?" என்று திருப்பிக் கேட்பார்.

போன வருடம் மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து மூட்டை ஏற்றும்போது, லாரியின் பின்பக்கத்திலிருந்து மூட்டையோடு விழுந்தார். வலது இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாத்திரைப் பெயர்களை மட்டும் வாசித்தேன். அடியில் இருந்த வரிகள் எல்லாத் தாளிலும் இருப்பதுதானே என்று மடித்து வைத்துவிட்டேன். பாதத்தை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கால் வீங்கினால் உடனே வர வேண்டும் என்று அங்கே அச்சடித்திருந்தது. அதை நான் வாசித்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

அப்பா அசையவில்லை. வலிக்குப் பயந்து கட்டை போலக் கிடந்தார். சிறுநீர் கழிக்க அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமே என்று வெட்கப்பட்டுத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. மூன்றாவது வாரம் வலது கெண்டைக்கால் வீங்கியது.

"நீரு எறங்கியிருக்கு," என்றார் அம்மா. "இப்பிடிக் கெடந்தா எறங்கத்தான் செய்யும். தடவி விடு மக்கா."

எனக்கு அப்போது கடைசி வருடப் பரீட்சை. மெடிக்கல் சர்ஜிக்கல் பேப்பரில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றிருந்தேன். இங்கிலீஷ் புரிந்து படிக்க எனக்கு வராது. சத்தம் போட்டு மனப்பாடம் செய்தால்தான் நிற்கும். அதனால் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்தபடி மறு கையால் தடவினேன். அப்போது நான் சத்தமாக வாசித்த பாடம், காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாவதைப் பற்றியது. டீப் வெயின் திராம்போசிஸ். ரத்தம் ஓடாமல் தேங்கினால் கட்டும். குழாயின் சுவர் காயப்பட்டால் கட்டும். ரத்தமே இறுகினாலும் கட்டும். பெரும்பாலும் ஒரு கால்தான் வீங்கும். வலிக்கும். தோல் மினுங்கும். தொட்டால் சுடும்.

"என்னத்தடே மந்திரம் மாதிரி சொல்லிட்டிருக்க?" என்று அப்பா கேட்டார்.

"ரத்தக் கட்டி பத்திப்பா."

"யாருக்கு?"

"நோயாளிக்கு."

"பாவம். அவனுக்கும் சேத்து நல்லாப் படி."

இருவரும் சிரித்தோம். என் உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கால் சுட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயின் சூடு என்று நினைத்தேன். அந்த நோய் எனக்கு இங்கிலீஷில்தான் தெரியும். எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்ததற்குப் பெயர் நீர்.

புதன்கிழமை ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. மறுநாள் எனக்குப் பரீட்சை. எல்லாரும் எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான். "ஆண்டவரே, எனக்குத் தெரிந்த கேள்வியாக வர வேண்டும்." அப்பாவின் காலுக்காக முடிவில் ஒரு வரி சொன்னேன். அவ்வளவுதான்.

என் தடவலில் வீக்கம் வடியவில்லை. பழகின கை வேண்டும் என்று நினைத்து, வர்ம வைத்தியம் தெரிந்த குமரேசன் ஆசானுக்கு நானே போன் செய்திருந்தேன். மறுநாள் பத்து மணிக்கு, எண்ணெய் தேய்த்து உருவிவிடும் உழிச்சில் செய்ய வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எண்ணெயைத் தொடுவார். கூட்டத்துக்கு வந்த அக்கா ஒருவர் முகத்தைச் சுளித்தார். "ஜெவம் பண்ணின வீட்டுல அந்த ஆள எதுக்குடே கூப்புடுக?" நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாகர்கோவிலில் பரீட்சை. பத்து மணிக்குத் தாள் கொடுத்தார்கள். இரண்டாவது கேள்வியைப் பார்த்ததும் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கும் ஒருவருக்குக் கெண்டைக்காலில் வலியும் வீக்கமும். செவிலியராக நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன, செய்ய வேண்டியது என்ன?

தண்ணீர் போல எழுதினேன். இரண்டு கால்களையும் டேப்பால் அளந்து ஒப்பிட வேண்டும். அசைய விடாமல் படுக்க வைத்து உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டால் பல்லீறிலும் சிறுநீரிலும் ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அடுத்த வரி, கெண்டைக்காலை ஒருபோதும் தடவக் கூடாது, தடவினால் கட்டி பெயர்ந்துவிடும் என்பது.

பேனா நின்றது.

எழுதியதை மறுபடி வாசித்தேன். அது என் அப்பா. சுவரில் மணி பத்து இருபது. ஆசான் வந்திருப்பார். எண்ணெய் காய்ந்திருக்கும். என் போன் வெளியே பைக்குள் இருந்தது. எழுந்துவிட்டேன்.

"அரை மணி ஆகாம யாரையும் வெளிய விடக்கூடாது தம்பி. உக்காரு," என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"எங்கப்பா செத்துருவாரு மிஸ்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேள்வி கடினமாக இருந்தால் பையன்கள் சொல்லும் எத்தனையோ காரணங்கள் தெரிந்தன. உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை எப்படி எழுதுவது? கண்ணை மூட எனக்குப் பயமாக இருந்தது. மூடினால் அப்பாவின் கால் தெரிந்தது, அதன்மேல் ஒரு கை தெரிந்தது. அது ஆசானுடைய கையல்ல, என்னுடையது. திறந்த கண்ணோடு கேட்டேன். "ஆண்டவரே, பரீட்சை வேண்டாம். படிப்பு வேண்டாம். அந்தக் கையைப் பிடியும்."

அரை மணி ஆனதும் தாளைக் கொடுத்தேன். "போனா திரும்ப உள்ள வர முடியாது தம்பி," என்றார். தெரியும் என்றேன்.

வெளியே வந்து போன் செய்தால் அம்மாவின் அழுகைதான் முதலில் கேட்டது. வீட்டில் நடந்தது இதுதான். ஆசான் பாயை விரித்து, சாமி கும்பிட்டு, இரண்டு கெண்டைக்காலையும் புறங்கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, இந்தக் கால யாரு தடவினது?"

"எனக்க மவன். நர்சுக்குப் படிக்கான்."

"நர்சுக்கா? கொள்ளாம், நல்ல படிப்பு." எழுந்து சட்டையை மாட்டியிருக்கிறார். "ஒத்தக் காலு மட்டும் அடுப்பு மாதிரி கொதிக்கு. இதுல நான் கை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வண்டியக் கூப்புடுங்க."

"எண்ணெ காச்சியாச்சே ஆசானே," என்று அம்மா கெஞ்சியிருக்கிறார்.

"அந்த எண்ணெயில பப்படம் பொரிங்கோ," என்று சொல்லிவிட்டு அவரே நூற்றெட்டுக்குப் போன் செய்திருக்கிறார்.

நான் கேட்ட நேரமும் அவர் கையை எடுத்த நேரமும் ஒன்றா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது. அம்மா மணி பார்க்கவில்லை. நான் கேட்டேன், அந்தக் கை விலகியது. எனக்கு அது போதும்.

ஆனால் என் கை மூன்று நாளாக விலகவில்லையே. வண்டியில் வரும்போதே அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. இருமலில் ரத்தம் வந்தது. நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். ஸ்கேனில் காலிலும் கட்டி, நுரையீரலிலும் கட்டி.

"கால யாராவது தடவினீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் தடவினேன் சார்."

"என்ன படிக்கிற?"

"நர்சிங் சார்."

அவர் குனிந்து கேஸ் ஷீட்டில் எழுதினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கிடந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்குப் புரிந்தது, அதுதான் என் தண்டனை. மானிட்டரில் எண் இறங்கும்போது மற்றவர்களுக்கு அது வெறும் எண். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அம்மா முழங்காலில் நின்று ஜெபித்தார். என்னால் முடியவில்லை. எந்த வாயால் கேட்பேன்? கொன்றவனே உயிரைக் கேட்பதா? சோற்றைப் பிசையும்போதுகூட என் விரல்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அப்பா போனால் நானும் இல்லை என்று தீர்மானித்திருந்தேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். அந்த ஐந்து நாளில் ஒரு வார்த்தைகூட நான் ஜெபிக்கவில்லை. பரீட்சை அறையில் கேட்ட அந்த ஒரு ஜெபம்தான் எனக்கும் சேர்த்து நின்றது என்று நம்புகிறேன்.

ஆறாம் நாள் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லி அழுதேன். நான்தான் உங்களைக் கொல்லப் பார்த்தேன் என்றேன்.

அப்பாவுக்குப் பேச மூச்சு போதவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "லேய், சத்தம் போடாத. நீ தடவினப்ப நல்ல சொகமா இருந்துது. தெரிஞ்சாடே செஞ்ச?"

அப்பா இனி மூட்டை சுமக்க மாட்டார். ஊன்றுகோல் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், தவறாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார். கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. அதை அவர் கேட்பதில்லை, அம்மா கேட்க வைக்கிறார். அந்தப் பேப்பரில் நான் தோற்றேன். மறுபடி எழுதித் தேறினேன். இப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளி வந்தால் பெயர் கேட்பதற்கு முன் போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் பார்க்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். எங்கள் கூட்டத்துக்கு வராத, வேறு சாமியைக் கும்பிடுகிற ஒருவரின் கையைக் கொண்டு கேட்டார். ஆசானுக்கு நன்றி சொல்லப் போனபோது, "நான் ஒண்ணும் செய்யலியே மக்கா," என்றார். ஆம், செய்யாமல் இருந்தார். அதற்குத்தான் ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிற அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கலாம், சுடலாம். அவருக்காக ஜெபியுங்கள், நம்பி ஜெபியுங்கள். ஆனால் தடவாதீர்கள். ஆமென் சொல்லும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள். மீதி ஜெபத்தை வண்டியில் சொல்லிக்கொள்ளலாம். ஆண்டவர் அங்கேயும் கேட்பார்.