அஞ்சு கட்டை டார்ச்

வானத்தில் சத்தம் மட்டும் கேட்டது. விளக்கைக் காணோம்.

அதுவரை சிவப்பாக ஒரு பொட்டும், மினுக் மினுக்கென்று இன்னொன்றும் நகர்ந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கொசு காதில் கத்தியது, அதைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தால் இரண்டும் இல்லை. உர்ரென்ற சத்தம் மட்டும் கிழக்கே போகிறது. அந்தக் குட்டி விமானத்துக்குள் வாசுகி இருந்தாள். தனியாக.

பயம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் முதலில் நான் யார், அங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ரன்வேயில் இந்தப் பொம்பளைக்கு என்ன ஜோலி என்று கேட்பீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேசப் பேத்தி எழுதுகிறாள். நான் ‘ஊடு’ என்றால் அவள் ‘வீடு’ என்று நேராக்கிவிடுவாள். நேராக்கட்டும்.

1. என் வேலை விளக்கு வைப்பது

தொண்ணூறுகளில் கோயமுத்தூருக்குக் கிழக்கே விமானம் ஓட்டப் பழக்குகிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானங்கள். அதில் நான் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். முதல் நாளே விமானத்தின் மூக்கில் விசிறி சுற்றும்போது பக்கத்தில் போய்விட்டேன். கேப்டன், அதாவது பழக்குகிற வாத்தியார், என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பழனாத்தா, சுத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தெரியலைன்னா இல்லைன்னு நெனைச்சுப்போடாத. அதான் இங்க மொதப் பாடம்.”

பிறகு எனக்குச் சீமெண்ணெய் வேலையும் வந்தது. ராத்திரிப் பழக்கம், அதாவது இருட்டில் விமானம் ஓட்டிப் பழகுவது, இருக்கிற நாளில் ரன்வேயின் இரண்டு ஓரமும் விளக்கு வைக்க வேண்டும். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளி மாதிரி இருக்கும், மூக்கில் தடித்த திரி. கூஸ்நெக் என்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே போவேன். கண்ணாடி விரியன் படுத்திருக்குமோ என்று காலால் தட்டித் தட்டித்தான் நடப்பேன். ஆடி மாசம் பாலக்காட்டுக் காத்து அடித்தால் திரியோடு சண்டைதான். ஆனால் பற்றவைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், அடடா, தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னும் பத்து வருஷம் வேலை பார்த்திருப்பேன்.

2. கம்மி வெளிச்சம் கேட்டுப் போன கதை

வாசுகி உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் மகள். தாய் இல்லை. அப்பா மயில்சாமி அண்ணன்தான் வளர்த்தார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கேண்டீன் சாப்பாடு பிடிக்காமல் என் தூக்குப்போசியில் கம்மஞ்சோறு தின்பாள்.

ராத்திரி தனியாக ஓட்டுகிற பரீட்சை நெருங்கியது. ஆளுக்கு ஒரு டார்ச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றார் கேப்டன். விமானத்துக்குள் இருக்கிற விளக்கு போய்விட்டால் அதுதான் கதி.

“எந்த டார்ச்சுங்க சார் வாங்கறது?” என்று கேட்டாள் வாசுகி.

“உனக்குப் புடிச்சதை வாங்கு. ஆனா மடியில இருக்கற பேப்பரும் தெரியோணும், வெளிய இருட்டும் தெரியோணும். இருட்டுக்குக் கண்ணு பழக அரை மணி நேரமாச்சும் ஆகும். மூஞ்சில ஒரு வெள்ளை வெளிச்சம் அடிச்சா ஒரே நொடியில அத்தனையும் போச்சு.”

ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கரீம் பாய் என்று ஒருவர் டார்ச் விற்பார், பழுதும் பார்ப்பார். அவளை அங்கே கூட்டிப்போனேன். விஷயத்தைச் சொன்னதும் பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, வாரவங்க எல்லாம் ஜாஸ்தி வெளிச்சம் கேப்பாங்க. நீங்க என்னடான்னா கம்மியா வேணுங்கறீங்க. பழைய பேட்டரிக் கட்டையைப் போட்டுக்குங்க, தானா கம்மியாயிரும்!”

“கட்டை புதுசா இருக்கோணும் பாய். வெளிச்சம் மட்டும் கம்மியா இருக்கோணும்.”

“இதென்னுங்க, சக்கரை போட்டு இனிக்காத காப்பி கேக்கறாப்பல இருக்குது.”

சொன்னாரே தவிர மனுஷன் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். நெற்றியில் பட்டையோடு கட்டிக்கொள்கிற விளக்கு ஒன்று. பேனா மாதிரி சட்டைப்பையில் செருகுகிற டார்ச் இரண்டு. டார்ச்சின் கண்ணாடிக்கு மேல் ஒட்டச் சிவப்புக் கண்ணாடித்தாளும் கொடுத்தார். சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கூசாது என்று கேப்டன் சொல்லியிருந்தார். பேனா டார்ச்சைக் கழுத்தில் தொங்கவிடக் கயிறு வேண்டுமே. நடைபாதையில் அரைஞாண் கயிறு விற்றவனிடம் கறுப்பாக ஒரு முழம் நான் வாங்கிக் கட்டினேன். அரைஞாணைக் கழுத்தில் கட்டிய பெண் கோயமுத்தூரிலேயே அவள் ஒருத்திதான்.

3. சீமெண்ணெய் அறையில் சோதனை

முதலில் நெற்றி விளக்கு. அதைக் கட்டிக்கொண்டு இருட்டில் நின்ற விமானத்துக்குள் போய் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து பார்த்தேன். உடம்பில்லாத ஒரு தலை கண்ணாடிக்குள் மிதக்கிறது.

“அக்கா, தலை நிமிந்தா கண்ணாடில என்ற மூஞ்சிதான் தெரியுது. ரன்வேயைக் காணோம்!”

அதைக் கழற்றி வைத்தாள்.

பேனா டார்ச்சைச் சோதிக்க என் சீமெண்ணெய் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினால் உள்ளே கசம் மாதிரி இருட்டு. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கண் பழகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் என் மூத்த மருமகளைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு அவள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு மடியில் பேப்பரை விரித்தாள். விரித்தவள் அலறிவிட்டாள்.

“அக்கா, எழுத்தெல்லாம் போயிருச்சு!”

“எனக்கு எப்பவும் அப்படித்தான் இருக்குது கண்ணு.”

“சும்மா இருங்கக்கா! போற வழி, வேகம், எல்லாத்தையும் இதுலதான் எழுதி வெச்சேன்.”

கதவைத் திறந்து பார்த்தால் எழுத்து இருந்தது. முக்கியமானது பளிச்சென்று தெரியட்டும் என்று அத்தனையும் சிவப்புப் பென்சிலில் எழுதியிருக்கிறாள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து மறைந்துபோகிறது. மேலே போன பிறகு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கே கறுப்புப் பென்சிலில் திரும்ப எழுதினாள். டார்ச்சின் வால் பல்லில் வழுக்காமல் இருக்க என் பழைய சேலைக் கரையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தேன். ஒன்று கழுத்தில், இன்னொன்று பையில். தீர்ந்தது டார்ச் தேர்வு.

தீரவில்லை. பரீட்சை நாளன்று மயில்சாமி அண்ணன் உடுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் இளநீர்க் குலை. இன்னொரு கையில் துண்டு சுற்றிய முழநீள டார்ச், அஞ்சு கட்டை போடுகிறது.

“இதைக் கொண்டு போ சாமி. இதை அடிச்சா தோட்டத்துக் கடைசித் தென்னையில காயை எண்ணிப்போடலாம்.”

“வேண்டாங்கப்பா. இது உருண்டு காலுக்கடியில போச்சுன்னா பெடலை மிதிக்க முடியாது. வெளிச்சமும் கண்ணை அவிச்சுப்போடும்.”

“பூனைக்கண்ணாட்டம் ஒண்ணைக் கழுத்துல கட்டிட்டு இருட்டுக்குள்ள போறேங்கறயே. உங்க சித்தப்பன் எப்படிச் செத்தான்? கட்டை தீந்த டார்ச்சை நம்பித் தண்ணி கட்டப் போயித்தானே பாம்பை மிதிச்சான்?”

அவள் டார்ச்சை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்தாள். மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று.

4. வெளிச்சம் காட்டியவர்

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வாருங்கள். நிலா இல்லை. விமானத்தில் கரண்ட் போய்விட்டது. ரேடியோவும் பேசவில்லை. இஞ்சின் மட்டும் ஓடும், அதற்கு அந்தக் கரண்ட் வேண்டாம் என்றார் கேப்டன். 

“பழனாத்தா, திரி ஒண்ணுகூட அணையாமப் பாத்துக்கோ. நான் அந்தக் கோடியில நின்னு பச்சை லைட் காட்டறேன். எறங்கலாம்னு அவளுக்கு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நானும் மயில்சாமி அண்ணனும் விளக்கு வரிசையின் தலைமாட்டில் நின்றோம். “என்னாச்சுங்க, என்னாச்சுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் சுற்றி வந்து எங்களுக்கு நேராகத் திரும்பியது. இறங்குகிறது. தூரத்தில் கேப்டனின் பச்சை விளக்கு தெரிந்தது.

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. இருட்டில் வரப்பு மேல் ஆள் வந்தால், “யாரது, பாத்து வாங்க” என்று அவர் மேலேயே டார்ச் அடிப்போம். அதுதான் மரியாதை, அதுதான் பாசம். தண்ணீர் மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வருகிற ஊரில் எல்லாத் தகப்பனும் அப்படித்தான் மகளை வீட்டுக்கு அழைத்திருப்பான்.

“வா கண்ணு, இங்க வா சாமி” என்று அண்ணன் டார்ச்சைத் தூக்கி அடித்தார்.

வெள்ளைத் தூண் மாதிரி வெளிச்சம் எழும்பியது. ஒரு நொடி விமானம் முழுசாகத் தெரிந்தது. கண்ணாடிக்குள் அவள் முகமும் தெரிந்தது. ஒரு கையால் கண்ணை மறைத்திருந்தாள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது.

“அணைங்கண்ணா! அவ கண்ணு போயிரும்!”

“கேப்டன் காட்டறாரு, பெத்தவன் நான் காட்டக்கூடாதா?”

நான் பாய்ந்து முந்தானையோடு டார்ச்சின் வாயைக் கட்டிப்பிடித்தேன். தலைக்கு மேல் இஞ்சின் வீறிட்டது. வீசிய காற்றில் என் விளக்குகள் எல்லாம் தலை கவிழ்ந்து எழுந்தன. கீழே விழாமல் விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது. அப்போதுதான் அண்ணனுக்குப் புரிந்தது. சுவிட்சைத் தள்ளுகிறார், நகரவில்லை. அடிமூடியைத் திருகினார். கட்டைகள் பொத்துப் பொத்தென்று புல்லில் விழுந்தன. பிறகு இருட்டுதான்.

அவள் இறங்கவில்லை. சுற்றினாள். இன்னொரு தரம் சுற்றினாள். எங்கேயோ ஒரு மயில் அகவியது, எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

“ஏனுங்க அம்மணி, ஏன் எறங்க மாட்டேங்கறா? பெட்ரோல் இருக்குமுங்களா?” என்றார் அண்ணன். எனக்கு என்ன தெரியும்? மாகாளியாத்தா, மாகாளியாத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேப்டன் மூச்சு வாங்க ஓடி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கீழே கிடந்த டார்ச்சையும் அண்ணனையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “கண்ணு பழகட்டும்னு காத்திருக்கறா. நாமளும் காத்திருக்கலாமுங்க.” பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, ஐந்து பிள்ளை பெற்றவள் நான், இதற்கு முன்னால் அந்த வலியெல்லாம் ஒன்றுமே இல்லை. அண்ணன் தன் இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டார். மறுபடி எதையாவது தூக்கிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி.

கடைசியில் சத்தம் மறுபடி நேராகத் திரும்பியது. பச்சை விளக்கு எரிந்தது. கறுப்பாக ஒன்று எங்களைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். தாடைக்குக் கீழே பீடி நெருப்பு மாதிரி ஒரு சிவப்பு. அவ்வளவுதான் வெளிச்சம். என் விளக்குகளுக்கு நடுவே சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு குதி குதித்து, ஓடி நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். வாயில் டார்ச் அப்படியே இருந்தது. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. நான்தான் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பிடுங்கினேன். சேலைக் கரையில் பல் பதிந்து ஓட்டை விழுந்திருந்தது.

“யாருங்கக்கா லைட் அடிச்சது?”



“நாந்தான் சாமி” என்றார் அண்ணன்.

“வேகம் காட்டற முள்ளே தெரியலைங்கப்பா. முள்ளு எங்கிருக்குதுன்னே தெரியல” என்று சொல்லி அழுதாள். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். டார்ச்சை அணைக்க அவர் கட்டைகளைப் புல்லில் கொட்டியதைச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “கட்டையெல்லாம் எங்கப்பா?”

விளக்கு வரிசையின் தலைமாட்டுக்குத் திரும்பிப் போய் அப்பாவும் மகளும் மண்டி போட்டு, கழுத்தில் தொங்கிய சிவப்பு வெளிச்சத்தில் புல்லை விலக்கி ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அஞ்சும் கிடைத்தது.

“இத்துனூண்டு வெளிச்சம் போதுமா கண்ணு?”

“கைக்கு எட்டறதைப் பாக்கறதுக்குத்தானுங்கப்பா இது. தூரத்துக்கு இருட்டுப் பழகின கண்ணு இருக்குதல்ல.”

அடுத்த ராத்திரிப் பழக்கத்துக்கும் மயில்சாமி அண்ணன் வந்தார். கையில் இளநீர் மட்டும். என்னிடம் வந்து, “அம்மணி, ஒரு விளக்கு நான் பத்த வெக்கட்டுங்களா?” என்று கேட்டார். வரிசையில் முதல் கூஸ்நெக்கைக் கொடுத்தேன். திரியைப் பார்த்துப் பார்த்துத் தூண்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்தார். மகள் தலைக்கு மேல் போனபோதும் அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த வேலையில் கற்றது இதுதான். வருகிறவர்களுக்கு வெளிச்சம் காட்ட ஆசை இருந்தால் தரையில் வையுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள். என் மருமகள் விஷயத்தில்கூட இப்போது அப்படித்தான் இருக்கிறேன். இதை எழுதும்போது பேத்தி சிரிக்கிறாள்.